பத்தில் ஒரு பங்கும் நாலாயிரம் ரூபாயும்

2017இல் உச்ச நீதிமன்றம் குவாலியரில் ஒரு செல்போன் டவரை ஏழு நாளுக்குள் நிறுத்தச் சொன்னது. பக்கத்து வீட்டு மாடியில் இருந்த அந்த டவரால்தான் தனக்குப் புற்றுநோய் வந்தது என்று வீட்டு வேலை செய்து பிழைத்த ஒருவர் தொடுத்த வழக்கு அது. எளியவர் வென்றார் என்று பலரும் மகிழ்ந்தார்கள். ஆனால் ஒருவருடைய நோயை ஒரு குறிப்பிட்ட டவரோடு கோத்துக் காட்ட மருத்துவத்தில் வழி கிடையாது. இல்லாத ஆதாரத்தைத் தேடி மக்கள் நீதிமன்றம்வரை போக நேர்வதற்கு நம் ஒழுங்குமுறையும் ஒரு காரணம்.

விதியைப் பார்த்தால் குறை சொல்லத் தோன்றாது. ஐசிஎன்ஐஆர்பி என்ற பன்னாட்டு ஆணையம் 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குப் பரிந்துரைத்த உச்ச அளவு சதுர மீட்டருக்கு 4.5 வாட். இந்த அலைகளால் உறுதியாக நிறுவப்பட்ட தீங்கு திசுக்கள் சூடேறுவது. அது தொடங்கும் அளவிலிருந்து ஐம்பது மடங்கு கீழே இறக்கித்தான் பொதுமக்களுக்கான வரம்பை அந்த ஆணையம் வகுத்தது. இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் அதையும் பத்தில் ஒரு பங்காக்கி 0.45 வாட் என்று நிறுத்தியது. பல வளர்ந்த நாடுகள் இவ்வளவு கடுமை காட்டவில்லை.

இந்தக் குறைப்புக்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் காரணமில்லை, முன்னெச்சரிக்கைதான் காரணம். அதற்கு முந்தைய ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அலைகளை 2பி பிரிவில், அதாவது 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற ஐயப் பட்டியலில், சேர்த்திருந்தது. அதுவும் முக்கியமாகக் காதில் வைத்துப் பேசும் கைபேசி பற்றிய ஆய்வுகளை வைத்து. முன்னெச்சரிக்கை தப்பில்லை. ஆனால் ஏன் குறைத்தோம் என்பதை அரசு தெருவுக்கு வந்து விளக்கவில்லை. ஆபத்தில்லை என்றால் எதற்குக் குறைத்தீர்கள் என்று கேட்கிறவருக்கு இன்றும் தெளிவான பதில் கிடைப்பதில்லை.

மாடியில் டவர் வைத்தால் அந்த வீட்டுக்காரருக்கு மாத வாடகை, எதிர்வீட்டுக்காரருக்கு அச்சம். இந்தச் சண்டையில் இயற்பியல் கொஞ்சம் குறும்பு செய்கிறது. ஆன்டெனா அலைகளை ஏறக்குறையக் கிடைமட்டமாக, சற்றே கீழ்நோக்கி அனுப்புகிறது. நேர் கீழே உறங்குபவரைவிட அதே உயரத்தில் எதிரே குடியிருப்பவருக்குத்தான் அலை அதிகம் படும். அதனால்தான் ஒற்றை ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் 20 மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்கிறது தொலைத்தொடர்புத் துறையின் வழிகாட்டுதல். இன்னொன்றும் உண்டு. சிக்னல் குறைந்தால் கைபேசி தன் சக்தியைக் கூட்டிக்கொண்டு டவரைத் தேடும். டவரை விரட்டியடித்த தெருவில் மக்கள் தலையோரம் கூடுதல் அலையை ஏந்திப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஆக, அளவில் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. அளக்கிற முறையில்தான் இருக்கிறது. வரம்புக்குள் இருக்கிறோம் என்று நிறுவனங்களே சுயசான்று கொடுக்கின்றன. துறையின் களப் பிரிவுகள் ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வரையிலான நிலையங்களை மாதிரிக்கு எடுத்துச் சோதிக்கின்றன. மீறல் தெரிந்தால் நிலையம் ஒன்றுக்குப் பத்து லட்சம் ரூபாய் அபராதம். எதிர்வீட்டுக்காரர் தன் வீட்டில் அளந்து பார்க்க வேண்டுமானால் 2017இல் தொடங்கிய 'தரங் சஞ்சார்' தளத்தில் 4,000 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம் என்று ஏற்பாடு. வாடகை வாங்குகிறவர் ஒருவர், தொழில் நடத்துகிறவர் ஒருவர், சந்தேகம் தீர்க்கப் பணம் கட்டுகிறவர் மட்டும் மூன்றாமவர்! குவாலியர்க்காரர் போல் வீட்டு வேலை செய்கிறவர் இந்தத் தொகையை எங்கிருந்து புரட்டுவார்?

சிட்டுக்குருவியையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2018இல் வந்த ஷங்கரின் '2.0' படத்துக்குப் பிறகு குருவிகள் மறைந்ததற்கு டவரே காரணம் என்பது நம்மூரில் சந்தேகத்துக்கு இடமில்லாத உண்மையாகிவிட்டது. ஓட்டு வீடுகள் போனது, முற்றத்தில் தானியம் புடைப்பது நின்றது, குஞ்சுகளுக்கு இரையாகும் பூச்சிகள் குறைந்தது ஆகியவற்றை விட்டுவிட்டு டவர்மேல் மட்டும் பழி போடுவது வசதியான கதை. பக்ஷிராஜனாக வந்த அக்ஷய் குமாரின் நடிப்பு நன்றாக இருந்தது. வாதம் அப்படி இல்லை.

கதிர்வீச்சைப் பற்றிய கூச்சலில் காணாமல் போன ஒன்று உண்டு: டவரடி ஜெனரேட்டர். மின்வெட்டு நேரத்தில் சந்துக்குள் அது உறுமிக் கக்கும் டீசல் புகையை அதே புற்றுநோய் முகமை 2012 ஜூனில் முதல் பிரிவில், புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பட்டியலில், வைத்தது. ஐயப் பட்டியலில் உள்ள அலைக்காக வழக்குப் போடுகிறோம். உறுதிப் பட்டியலில் உள்ள புகைக்கு சன்னலைச் சாத்திக்கொள்கிறோம். கிராமப்புற டவர்களில் பாதியையும் நகர்ப்புற டவர்களில் ஐந்தில் ஒன்றையும் 2015க்குள் மாற்று மின்சாரமும் கலந்து இயக்கவேண்டும் என்று 2012இலேயே அரசு ஆணையிட்டது. அந்த ஆணையைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகம் போகிற குடியிருப்போர் சங்கங்கள் அபூர்வம்.

பிரான்சில் 2014 முதல் யார் வேண்டுமானாலும் தன் வீட்டில் அலை அளவைச் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம், கட்டணம் கிடையாது. செலவு தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் வசூலாகும் வரியிலிருந்து வருகிறது. முடிவுகள் பொதுவில் வைக்கப்படுகின்றன. இதற்கு நாம் புதிய வரம்பு எதையும் தேட வேண்டாம். அந்த 4,000 ரூபாய் ரசீதை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றி எழுதினால் போதும்.