ரிஷபம் இல்லாத மோகனம்

யுகுலேலேயின் நாலு தந்திகளையும், இடது கை விரல் எதுவும் படாமல், மேலிருந்து கீழாக ஒருமுறை வருடிப் பாருங்கள். ஜி, சி, இ, ஏ. ஒரு கட்டை சுருதிக்குப் பழகிய காதில் அது ப, ச, க, த என்று விழும். காந்தாரம் அந்தரம், தைவதம் சதுச்ருதி. ஒரே ஒரு ரிஷபம் சேர்ந்தால் மோகனம் முழுசாகிவிடும். அந்த ரிஷபமும் தூரத்தில் இல்லை. சி தந்தியின் இரண்டாவது ஃப்ரெட்டில் இருக்கிறது. மேல் ஷட்ஜம் வேண்டுமென்றால் ஏ தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில் மோதிர விரலை வையுங்கள். அந்த ஒற்றை விரலோடு நாலு தந்தியையும் மீட்டினால் அதுவே சி மேஜர் கார்ட். கிட்டாரில் இதே கார்டைப் பிடிக்க மூன்று விரல் முறுக்கிக்கொள்ளும். முதல் முறை கருவியைத் தொடுகிறவருக்கு இந்தச் சலுகை எவ்வளவு பெரிது!

கறாரான காது உள்ளவர்கள், காந்தாரம் ஒரு நூல் தூக்கலாக இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டிப் பதித்த ஃப்ரெட் வரிசையில் காந்தாரம் அப்படித்தான் நிற்கும். கீபோர்டில் பொறுத்துக்கொண்டதை இங்கேயும் பொறுத்துக்கொள்ளலாம்.

எனக்கு ருசிப்பது இந்தச் சுரங்களைவிட, அவை நிற்கும் வரிசை. கிட்டாரில் முகத்துக்கு அருகே தடித்த மந்தரத் தந்தி. அங்கிருந்து படிப்படியாக ஏறிக்கொண்டே போகும். யுகுலேலேயில் மேலே இருக்கும் ஜி தந்தி மெல்லியது, உயரமானது. அதிலிருந்து சட்டென்று கீழே சி-க்கு இறங்கி, பிறகு இ, ஏ என்று ஏறுகிறது. தம்புராவிலும் பஞ்சமத்தில் தொடங்கி, சாரணிகளைத் தொட்டு, கடைசியில் மந்தர ஷட்ஜத்துக்கு வருகிறோம்; தந்தி என்றால் ஏறுவரிசையில்தான் நிற்க வேண்டும் என்று நம் ஊரிலும் யாரும் சொல்லவில்லை. இந்த ஏற்பாட்டால் நாலு திறந்த சுரங்களும் ஒன்பது அரைச்சுரத்துக்குள் நெருங்கி உட்கார்ந்திருக்கின்றன. கட்டை விரல் மீட்டுவதும் ஆள்காட்டி விரல் மீட்டுவதும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் ஒலிக்கின்றன. பக்கத்துப் பக்கத்துச் சுரங்களை வேறு வேறு தந்திகளில் எடுத்தால், முன்னது அடங்குமுன் பின்னது வந்து அதன்மேல் படியும். மணி அடித்ததுபோன்ற அந்தக் கலப்பு கிட்டாரில் சுலபமாக வராது. கடைகளில் ‘லோ ஜி’ என்று ஒரு தடித்த தந்தியைக் காட்டி, இதைப் போட்டால் கீழ் ஸ்தாயியும் கிடைக்கும் என்பார்கள். பிறகு ஒருநாள் போட்டுக்கொள்ளலாம். முதல் கருவியிலேயே போட்டால் யுகுலேலேயை வாங்கிவிட்டுச் சின்ன கிட்டாரை வாசித்துக்கொண்டிருப்போம்.

இந்த விசித்திர வரிசை போர்ச்சுக்கலுக்குச் சொந்தமான மடெய்ரா தீவிலிருந்து வந்தது. 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் அங்கிருந்து ஹவாயின் ஹொனலூலு துறைக்கு வந்தது. ஏறி வந்தவர்கள் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தம் செய்யப்பட்ட குடும்பங்கள். கரும்புத் தோட்டக் கப்பல் என்றால் என்ன என்பதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. அதில் மரவேலை தெரிந்த மூன்று பேர் இருந்தார்கள்: மானுவல் நூனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜொசே தோ எஸ்பிரிதோ சாந்தோ. தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் ஹொனலூலுவில் கருவி செய்ய உட்கார்ந்தார்கள். மடெய்ராவின் மஷெத் என்ற சிறு வாத்தியத்திலிருந்து உடம்பை எடுத்துக்கொண்டார்கள். ரஜாவ் என்ற ஐந்து தந்தி வாத்தியத்திலிருந்து நாலு தந்தியின் சுருதியை எடுத்துக்கொண்டார்கள். மரத்துக்கு உள்ளூர் கோவாவை எடுத்துக்கொண்டார்கள். அரசர் கலாகாவா அரண்மனை விருந்துகளில் அதற்கு இடம் கொடுத்தார். குடியேறி வந்த வாத்தியம் ஒரே தலைமுறையில் ஹவாயின் சொந்த வாத்தியம் ஆகிவிட்டது.

அளவுக்கு வருவோம். முதல் முறை வாங்குகிறவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். சொப்ரானோ மொத்தம் 21 அங்குலம், கான்செர்ட் 23, டெனர் 26. பாரிட்டோன் 30 அங்குலம். அதன் சுருதியே வேறு, டி, ஜி, பி, இ. கிட்டாரின் கீழ் நாலு தந்தி அது. முதல் கருவியாக அதை நான் சொல்ல மாட்டேன்.

“என் விரல் தடிமன், சொப்ரானோ எனக்குச் சரிவராது” என்று சொல்லிக்கொண்டே பலர் கடைக்குள் நுழைகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சொப்ரானோவில் தந்தி அதிரும் நீளம் சுமார் 345 மில்லிமீட்டர். கான்செர்ட்டில் சுமார் 380. முதல் ஃப்ரெட்டுக்கான இடம் சொப்ரானோவில் 19 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல்; கான்செர்ட்டில் 21-க்குக் கொஞ்சம் மேல். இத்தனை சர்ச்சையும் 2 மில்லிமீட்டருக்காக! கழுத்தின் அகலமோ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று, 35 மில்லிமீட்டரை ஒட்டி. ஹவாய்ப் பாடகர் இஸ்ரேல் காமகாவிவோஓலே ஆஜானுபாகு. அவர் மடியில் டெனர்கூடப் பொம்மையாகத் தெரியும். அந்த விரல்களிலிருந்துதான் உலகம் முழுக்கக் கேட்ட அந்த மென்மையான மீட்டல் வந்தது. தடித்த விரல் பழகிவிடும். பழகாதது ஒன்றுண்டு. பன்னிரண்டாவது ஃப்ரெட் பக்கம் சொப்ரானோவில் இடைவெளி 10 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. மேல் ஸ்தாயியில் பாட்டு வாசிக்கும் ஆசை இருந்தால் கான்செர்ட் நல்லது. பாடிக்கொண்டே கார்ட் மீட்டினால் போதும் என்றால் சொப்ரானோ தாராளம்.

சொப்ரானோவுக்கு இன்னொரு நயம் உண்டு: அதன் கார்வைக் குறைவு. மீட்டிய ஒலி பிறந்து, நிமிர்ந்து, உடனே போய்விடுகிறது. டெனரில் ஒலி நின்று நீளும், கேட்க அழகுதான். ஆனால் சீரான தாளத்தில் மீட்டும்போது, ஒவ்வொரு அடிக்கும் நடுவே ஒரு துளி மௌனம் விழுவது சொப்ரானோவில்தான். அந்த மௌனம்தான் துள்ளலைத் தருகிறது. கார்வை அதிகம் என்பதையே பெருமையாகச் சொல்லி விற்பவர்கள் அதை ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம்.

மரம். கோவா ஹவாயில் மட்டும் இயற்கையாக வளர்வது. நம் நீலகிரிக்கு பிரிட்டிஷார் கொண்டுவந்து நட்ட ஆஸ்திரேலிய பிளாக்வுட் அதற்கு மிக நெருங்கிய உறவு. யுகுலேலே செய்கிறவர்கள் கோவா கிடைக்காதபோது அதை நாடுவதும் உண்டு. நல்ல கோவாப் பலகையில் ரேகை நேராக ஓடாமல் அலையலையாகச் சுருண்டிருக்கும். வெளிச்சத்தில் கருவியைச் சாய்த்தால் இருண்ட பட்டை வெளுத்து, வெளுத்த பட்டை இருளும். இருநிற இழைப் பட்டுப்புடவையின் மடிப்பைத் திருப்பிப் பார்ப்பதுபோல. ஹொனலூலுவில் சாமுவேல் காமாகா 1916-இல் தொடங்கிய பட்டறையை அவருடைய குடும்பம் இன்றும் நடத்துகிறது. அங்கே செய்த கோவாக் கருவிகளைப் பார்த்தால் கண் எடுக்க மனம் வராது. அவர் 1928-இல் காப்புரிமை வாங்கிய அன்னாசிப் பழ வடிவம் வேறு. இடுப்பு ஒடுங்காத அந்த உடம்பு முதலில் வேடிக்கையாகத் தோன்றும். இடுப்பை ஒடுக்காததால் உள்ளே காற்றுக்கு இடம் கூடுகிறது, ஒலியில் உருண்டை கூடுகிறது.

இதெல்லாம் ரசிக்க. முதல் கருவிக்குக் கோவா அவசியமில்லை. மஹோகனி போதும், மாமரம் போதும். ஹவாய்க் கைவினைஞர்களே மாமரத்தில் அழகழகாகச் செய்கிறார்கள். முழுப் பலகையா, மெல்லிய அடுக்குகளை ஒட்டிய லேமினேட்டா என்று கண்டுபிடிக்க ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். மேல்பரப்பின் ரேகை விளிம்பில் இறங்கி உள்பக்கமும் அப்படியே தொடர்ந்தால் முழுப் பலகை. விளிம்பில் ஏடு ஏடாகக் கோடு தெரிந்தால் லேமினேட். லேமினேட் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். ஏசி அறையின் வறட்சியும் வெளியே கடற்காற்றின் ஈரமும் மாறி மாறி அடிக்கும் வீட்டில் முழுப் பலகை விரிந்து சுருங்கி வெடிக்கும் அபாயம் உண்டு. அடுக்குப் பலகை அசையாது. பெயின்ட் தடிமனாகப் பூசி, டால்பினோ பூவோ அச்சடித்ததைத் தவிருங்கள். ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள பலகை அதிர்ந்தால்தான் ஒலி. அதன்மேல் பூச்சு ஏற ஏற ஒலி கம்மும். விரல் நுனியால் மேல்பலகையைத் தட்டினால் பதில் வர வேண்டும். பெயர்பெற்ற மார்ட்டின் கிட்டார் நிறுவனமே 1907-இல் செய்த முதல் யுகுலேலேக்களில், கிட்டார் பழக்கத்தில் உள்கட்டைகளை அதிகமாக ஒட்டி, ஒலி மந்தமாகிக் கைவிட்டது. 1915-இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் ஹவாய்க் கூடம் அமெரிக்காவையே மயக்கியபின் மறுபடி முனைந்து, 1916-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்த முறை உள்ளே கட்டைகள் குறைந்திருந்தன.

பலகையைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. கடையில் யாரும் அதைக் காட்டமாட்டார்கள். தலைப்பகுதிக்குச் சற்றுக் கீழே, தந்திகள் கடந்து வரும் குறுக்குப் பட்டை, நட் என்பார்கள். அதில் நாலு சிறு பள்ளங்கள். அந்தப் பள்ளம் அரை மில்லிமீட்டர் ஆழம் குறைந்திருந்தால் போதும், புதிதாகக் கற்றுக்கொள்ள வந்தவர் ஒரு மாதத்தில் கருவியை அலமாரியில் ஏற்றிவிடுவார். தந்தி உயரமாக நிற்கும். முதல் ஃப்ரெட்டில் அழுத்த விரல் நோகும். நோவதாவது பரவாயில்லை. அவ்வளவு தூரம் அழுத்தும்போது தந்தி இழுபட்டு, சுரம் ஏறிவிடும். கிட்டாரைவிடக் குட்டையான தந்தி என்பதால் இங்கே அந்தப் பிசகு பளிச்சென்று கேட்கும். திறந்த தந்திகளை டியூனரில் வைத்துச் சரிபார்த்திருப்பீர்கள். ஆனாலும் எஃப் கார்ட் பிடித்ததும் பாட்டு புளிக்கும். வாசிக்கிறவர் தன் காதையும் விரலையும் சந்தேகிப்பார். குற்றம் பள்ளத்தில்.

சோதிக்கும் விதம் சுலபம். ஒரு தந்தியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டைப் பக்கவாட்டில் பாருங்கள். தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி மட்டும் தெரிய வேண்டும். அடுத்து பன்னிரண்டாவது ஃப்ரெட். அங்கே தந்தியின் உயரம் இரண்டரை, மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். திறந்த தந்தியை மீட்டி, பிறகு பன்னிரண்டில் அழுத்தி மீட்டுங்கள். கேட்கும் சுரம் அப்படியே மேல் ஸ்தாயியாக இருக்க வேண்டும். போனில் இலவசமாகக் கிடைக்கும் டியூனரே இதற்குப் போதும். நாலு தந்திக்கும் இதைச் செய்ய ஐந்து நிமிடம் ஆகாது. கடைசியாகக் கழுத்தின் இரு ஓரத்திலும் உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டுங்கள். ஃப்ரெட் முனைகள் கீறக் கூடாது.

அளவு சரியாக இருந்தால் பொருள் இரண்டாம்பட்சம் என்பதற்கு மாரியோ மக்கஃபெர்ரி சாட்சி. ஜாஸ் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்த செல்மர் கிட்டாரை வடிவமைத்த அதே மேதை, அமெரிக்காவில் 1949 வாக்கில் பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்து ஐலண்டர் என்ற யுகுலேலேயைச் செய்தார். லட்சக்கணக்கில் விற்றது. பொம்மை விலை, ஆனால் ஃப்ரெட்டுகள் துல்லியமாக வார்க்கப்பட்டதால் சுருதி பிசகாது. இன்றைக்குச் சந்தையில் உள்ள எத்தனையோ மர யுகுலேலேக்களைவிட அது யோக்கியமான வாத்தியம்.

திருகுகள் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பழைய சொப்ரானோக்களில் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பிரடைகள் பார்க்க அழகு. இரண்டு பக்கமும் காது முளைக்காத தலை. ஆனால் ஒரு பிசிறு திருகினால் அரைச்சுரம் தாவும். புதியவர்களுக்குப் பல்சக்கரத் திருகே உத்தமம்.

தந்திகள் ஒரு காலத்தில் ஆட்டுக் குடலில் செய்தவை. இப்போது நைலான், அல்லது குடல் தந்தியின் ஒலியை ஒத்துவரும்படி இத்தாலியின் அகிலா நிறுவனம் செய்யும் வெள்ளைத் தந்தி, அல்லது தூண்டில் நரம்பு செய்யும் அதே ஃப்ளோரோகார்பன். இத்தகைய தந்திக்காகச் செய்த யுகுலேலேயில் எஃகுத் தந்தி மட்டும் கட்டிவிடாதீர்கள். குதிரை பெயர்ந்து வந்துவிடும். புதுத் தந்தி சில நாள் இளகிக்கொண்டே இருக்கும். திரும்பத் திரும்பச் சுருதி சேர்க்க நேர்ந்தால் கருவி மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம்.

என்னைக் கேட்டால், மஹோகனி லேமினேட்டில், மெல்லிய பூச்சோடு, பல்சக்கரத் திருகு வைத்த சொப்ரானோ அல்லது கான்செர்ட். மரத்துக்குக் கொடுக்க நினைத்த கூடுதல் பணத்தில் ஒரு பங்கைக் கடைக்காரரிடமே கொடுத்து, “நட்டைக் கொஞ்சம் தேய்த்துச் சரிபண்ணிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். அப்படி என்றால் என்ன என்று அவர் திருப்பிக் கேட்டால், அடுத்த கடைக்குப் போங்கள்.