முதற்பட்டமும் இரண்டாம் பட்டமும்

உயிரித் தொழில்நுட்பத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற விழையும் மாணவர்க்கு எந்நூலைக் கொடுக்கலாம் என ஆசிரிய நண்பர்கள் வினவுவதுண்டு. வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் ஆங்கிலத்தில் எழுதி, 2018-இல் வெளிவந்த 'ஜீன் மெஷின்' என்னும் நூலைக் கொடுக்கலாம் என்பேன். ஆயினும் ஆசிரியர் உடனிருந்து படிப்பிப்பது நலம்.

1952-இல் சிதம்பரத்தில் பிறந்து பரோடாவில் வளர்ந்தவர் நூலாசிரியர். 1976-இல் அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். மனமோ உயிரியலை நாடியது. பட்டம் பெற்றவர் சான் டியாகோவில் மீண்டும் மாணவராக அமர்ந்தார்; ஈராண்டு பயின்று, இரண்டாம் பட்டம் பெறாமலே யேல் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார். அங்கே ரைபோசோம் ஆராய்ச்சி அவரைப் பற்றிக்கொண்டது.

ரைபோசோம் என்பது உயிரணுவினுள் மரபுச் செய்தியைப் படித்துப் புரதம் கட்டும் பொறி. பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலின் ஆக்குவதும் இப்பொறியின் உழைப்பாலேயே. கிருமிக்கொல்லி மருந்துகள் பல, பாக்டீரியாவின் ரைபோசோமையே தாக்குகின்றன. அதன் சிறு கூற்றின் அமைப்பை 2000-இல் வெளியிட்ட இவர், 2009-இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நூலின் சிறப்பு அதன் ஒளிவின்மை. போட்டி, பொறாமை, பரிசின்மேல் உள்ள ஆசை ஆகியவற்றைத் தம்மையும் விலக்காமல் எழுதுகிறார். விஞ்ஞானியை முனிவராகக் காட்டும் நம் பாடநூல்கள் இதில் பாதியேனும் சொல்லலாகாதா? குறையும் உண்டு. படிகங்களைப் பற்றிய நடுப்பகுதி பொது வாசகர்க்குக் கடினம்; மாணவன் தேடும் பயிற்சிக் காலமோ தொடக்கத்திலேயே விரைந்து முடிந்துவிடுகிறது.

இந்நூலைப் படித்துவிட்டு, "பட்டம் ஒரு பொருட்டன்று, நடுவில் விட்டவரே நோபெல் பெற்றார்" என்பாருளர். அவர்கள் சரியாகப் படிக்கவில்லை. இரண்டாம் பட்டத்தை விட்டபோது முதற்பட்டம் அவர் கையிலிருந்தது. அதனாலன்றோ பட்டத்திற்கு மேற்பட்ட ஆராய்ச்சியாளராக யேலில் நுழைய முடிந்தது? அங்கே நியூட்ரான் கதிர்களைக் கொண்டு ரைபோசோமை ஆராய்ந்தபோது, விரும்பாத பௌதிகமும் கைகொடுத்தது. மேலும், தாயும் தந்தையும் விஞ்ஞானிகள். தாயார் கனடாவில் மக்கில் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். வழி தவறினால் திருப்பிவிட வீட்டிலேயே ஆள் இருந்தது. தோட்டத்து லயத்திலிருந்து முதன்முதல் பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளைக்கு அத்துணை யார்? நெறியாளர் எத்தகையவர், உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு, ஆய்வுக்கூடத்தில் வேண்டிய கருவி உண்டா என்று பெயர் பதியுமுன் கேட்கவேண்டும் என்பதே அப்பிள்ளைக்குத் தெரியாது. நூலாசிரியர் இவ்வேறுபாட்டை இன்னும் விரித்திருக்கலாம்.

ஓரிடத்தை மட்டும் மாணவரோடு நிறுத்திப் படிக்குமாறு ஆசிரியர்களை வேண்டுவேன். யேலுக்குப் பின் ஐம்பது அளவிலான கல்வி நிலையங்களுக்கு வேலை கேட்டு எழுதியும் ஒன்றும் கிட்டவில்லை என்கிறார். டாக்டர் பட்டமும், யேல் பயிற்சியும் இருந்தும் நேர்ந்த நிலை அது. பரிசு பெற்ற பக்கங்களை மாணவர் தாமே படித்துக்கொள்வர்.