நாலாவது மலை

தென்னேரிக்காரன் கண்ணுக்குக் கோட்டையிலும் முதலில் படுவது மண்தான். ஏரிக்கரை பார்த்தே வளர்ந்தவன். இதை யார் சுமந்தது என்ற கேள்வி தானாக வரும். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (919, 921) ஏரி வாரியத்துக்கான தகுதிகள் இருக்கின்றன: சொந்த மனை, கால் வேலிக்கு மேல் நிலம், வேதப் படிப்பு. கரைக்கு மண் சுமந்தவன் அந்தப் பிரதிக்கு வெளியேதான் நிற்கிறான். இந்தக் கேள்வியோடுதான் செஞ்சிக்கும் போனேன்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சிக்கோட்டையை ‘இந்தியாவின் மராத்திய இராணுவ நிலப்பரப்புகள்’ என்ற தலைப்பின்கீழ் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. மொத்தம் 12 கோட்டைகள். மற்ற 11 மகாராஷ்டிரத்தில். சிவாஜி செஞ்சியைப் பிடித்தது 1677. எட்டு வருஷ முற்றுகைக்குப்பின் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் கைப்பற்றியது 1698. ஆக 21 வருஷம். அதற்கு முன் கோன்கள், நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான். பின்னால் நவாப், பிரெஞ்சுக்காரன், இங்கிலீஷ்காரன். எல்லோரையும் ஒரே பெயர் விழுங்கிவிட்டது.

உடனே நம்மவர்கள் ‘தமிழன் கோட்டை’ என்று கிளம்புகிறார்கள். அதுவும் இதே பட்டாச் சண்டைதான். கதைப்பாட்டும் கூத்தும் தூக்கிவைத்த தேசிங்கு யார்? பந்தேலா ராஜபுத்திரன். கொஞ்ச மாசம் ஆண்டு, 1714இல் ஆற்காட்டு நவாபோடு மோதிச் செத்தவன். கதையில் அவனோடு சேர்ந்து உயிர்விடும் சிநேகிதன் ஒரு முஸ்லிம். ஜனங்கள் சாதி, மொழி விசாரித்து நாயகனைப் பொறுக்கவில்லை.

மலைகளின் பெயர்களை வாசித்துப் பாருங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. ஆடு மேய்த்த ஆனந்தக்கோன் புதையல் கண்டு கோட்டை கட்டினான் என்பது மரபு. பின்வந்த கிருஷ்ணக்கோன் ஒரு மலைக்குத் தன் பெயரையே வைத்தானாம். அதிகாரம் வந்ததும் மேய்ப்பனுக்கும் ஒரு மலை கிடைக்கிறது. நாலாவதாக ஒன்று உண்டு. சின்னது, உச்சியில் அதற்கும் மதில். பெயர் சக்கிலிதுர்க்கம். நூல்களில் இன்னொரு பெயரும் உண்டு: சமார் திக்ரி. மொழி மாறியிருக்கிறது, சாதி மாறவில்லை. குதிரைக்குச் சேணம், வாளுக்கு உறை, கிணத்துக்குத் தோல்சால்: தோல் வேலை தெரிந்தவன் இல்லாமல் எந்தக் கோட்டை எட்டு வருஷம் தாங்கும்? ‘இராணுவ நிலப்பரப்பு’ என்கிற சொல்லாடலில் இந்தக் கைகளுக்கு இடமில்லை.

அந்த மலைக்கு எப்படிப் போறதுன்னு வழிகாட்டியைக் கேட்டேன். “அங்க பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல சார்” என்றார். ராஜகிரிக்குத்தான் ஏறினோம்.