உறையும் உள்ளுறை வெப்பமும்: உலோக நிலைமாற்றப் பொருள்கள் குறித்த ஒரு மதிப்பீடு

அலுமினியம்–சிலிக்கான் கலவை ஓசூர்ப் பகுதிக்குப் புதிதன்று. சானமாவுக் காப்புக்காட்டுக்கு அண்மையில், வாகன ஆலைகளைச் சூழ்ந்து வளர்ந்த உதிரிபாகத் தொழிலில் இக்கலவை டை காஸ்டிங் முறையில் வார்க்கப்படுகிறது. உருகிய அலுமினியம் எஃகு அச்சை அரித்து அதனோடு ஒட்டிக்கொள்ளும் என்பது வார்ப்பாளர் நன்கறிந்த தொல்லை. இதே கலவையை உயர்வெப்பச் சேமிப்புக்குப் பரிந்துரைக்கும் ஆய்வுகளை, அத்தொல்லையை அவை எவ்விலை கொடுத்துக் கடக்கின்றன என்பதைக் கொண்டே மதிப்பிடவேண்டும்.

ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தகாஹிரோ நொமுரா குழுவினர் 2015இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் குறிப்பிடத்தக்கது. கலவையின் நுண்கோளங்களை நீரில் வினைப்படுத்திப் போமைட் படலம் உண்டாக்கி, பின்னர் ஆக்சிஜனில் சூடேற்றி, அப்படலத்தை ஆல்ஃபா அலுமினா உறையாக மாற்றினர். கிடைத்த துகளின் உருகுநிலை 573 டிகிரி செல்சியஸ். உள்ளுறை வெப்பம் கிராமுக்கு 247 ஜூல். (இலங்கைப் பாடநூல்கள் இதனை மறை வெப்பம் என வழங்கும்.)

உறை வெளியிலிருந்து பூசப்படுவதன்று. உள்ளிருக்கும் அலுமினியமே உறையாகிறது. உறை தடிக்குமளவு உருகும் பொருள் குறையும். ஆகவே உறையில்லாக் கலவையின் மதிப்பைக்கொண்டு உறையிட்ட துகளின் பயனைக் கணக்கிடுவது பிழையாகும். உருகும்போது அலுமினியம் ஏறத்தாழ 6 விழுக்காடு விரிவதால் உறை விரிசல் காணலாம். கசியும் அலுமினியம் காற்றில் ஆக்சைடாகி விரிசலை அடைக்கும் என்பது உண்மையே. ஆனால் ஒவ்வோர் அடைப்பும் உள்ளீட்டை மேலும் குறைக்கும். நாளொன்றுக்கு ஒரு சுழற்சி எனினும் 20 ஆண்டுகளில் அவை 7,000ஐத் தாண்டும். அக்கட்டுரை கூறும் நல்ல நீடிப்பை இவ்வெண்ணோடு ஒப்பிட்டே ஏற்கவேண்டும்.

சூரிய மின்நிலையங்களின் உருகிய நைட்ரேட் உப்போடு ஒப்பிடுகையில் படம் மாறுகிறது. 290 முதல் 565 டிகிரி வரை சூடாகும் உப்பு, கிராமுக்கு ஏறத்தாழ 410 ஜூல் கொள்ளும். எடையளவில் துகள் தோற்கிறது. வெப்பநிலை 50 டிகிரிக்கு மேல் மாறக்கூடாது என்றாலோ உப்பின் பங்கு 75 ஜூல் மட்டுமே; அங்குத் துகள் தெளிவாக வெல்கிறது. எனவே வெப்பநிலை இடைவெளியைக் குறிப்பிடாத ஒப்பீடு எதுவும் பொருளற்றது. உலோகத்தின் வெப்பங்கடத்தும் திறனைப் புகழ்வதும் அத்தகையதே. படுகையாக அடுக்கிய கோளங்களுக்கிடையே வெப்பம் செல்வது புள்ளித் தொடுகைகளாலும் வாயுவாலும்தான்.

ஓசூர் வார்ப்பாலைக்கு இது பயன்படுமா? மின்னுலையில் புகைவெப்பமே இல்லை. எரிவாயு உலை மூன்று ஷிப்டும் எரியுமாயின், வெப்பம் கிடைக்கும் நேரமும் தேவைப்படும் நேரமும் ஒன்றே. அங்குச் சேமிப்பைவிட, அடுத்து உருக்கவுள்ள கட்டிகளைப் புகையால் முன்சூடாக்குவதே எளிது. இரவில் உலையை அணைத்துக் காலையில் மீண்டும் ஏற்றும் சிறு பட்டறைகளில் மட்டும் இக்கோளங்களைச் சோதித்துப் பார்க்க நியாயமுண்டு.