நீளத்தில் வயதைப் படித்தவர்

கத்தாழை மீனின் தலையைக் கடித்துச் சாப்பிட்டவர்களுக்கு வெள்ளையாக ஒரு கல் பல்லில் தட்டுப்பட்டிருக்கும். அதுதான் செவிக்கல். தண்ணீருக்குள் மீன் தடுமாறாமல் நிலைகொள்ள அது உதவுகிறது. குளிர்கடல் விஞ்ஞானிகள் அதைக் குறுக்காக வெட்டி வயது பார்ப்பார்கள். கோடையில் மீன் வேகமாக வளரும், குளிர்காலத்தில் வளர்ச்சி மந்தப்படும், கல்லில் ஆண்டுக்கு ஒரு வளையம் விழும். காட் மீனுக்கு எத்தனை வயது என்று கேட்டால் வளையங்களை எண்ணிச் சொல்லிவிடலாம். வயது தெரிந்தால் வளர்ச்சி தெரியும். வளர்ச்சி தெரிந்தால் எவ்வளவு பிடிக்கலாம் என்று கணக்குப் போடலாம். ஐரோப்பிய மீன்வள அறிவியலில் பெரும்பகுதி இந்த வளையத்தின் மேல் எழுந்ததுதான்.

வெப்பக் கடலில் உறையும் குளிர்காலம் கிடையாது. ஆண்டு முழுக்க வெதுவெதுப்பான தண்ணீர். கல் இருக்கும், ஆனால் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியாது. போதாக்குறைக்கு, ஒரு மடி வலையை இழுத்துக் கொட்டினால் ஐம்பது அறுபது வகை மீன் ஒன்றாகக் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் கல் வெட்டி ஆராயக் கருவியும் இல்லை, காசும் இல்லை. இந்த இடத்தில்தான் டேனியல் பௌலி என்ற விஞ்ஞானியின் வேலை தொடங்குகிறது. அரை நூற்றாண்டு நீண்ட அவருடைய ஆய்வு வாழ்க்கையில் எனக்குப் பிடித்தது ஒன்று. மற்றவர்கள் சான்றென்றே மதிக்காத எளிய தகவலை அவர் மதித்தார். அதிலிருந்து கறக்க முடிந்த அத்தனையையும் கறந்தார்.

1946-ல் பாரிஸில் பிறந்தார். தாய் பிரெஞ்சுக்காரர், தந்தை அமெரிக்கக் கறுப்பினப் படைவீரர். வளர்ந்தது சுவிட்சர்லாந்தில், வளர்ப்புக் குடும்பத்தில். பதினேழு வயதில் அங்கிருந்து ஜெர்மனிக்குக் கிளம்பினார். வேலை பார்த்துக்கொண்டே மாலைப் பள்ளியில் படித்து, கீல் பல்கலைக்கழகத்தில் மீன்வளம் பயின்றார். முதல் களப்பணிக்கு 1971-ல் அவர் போனது கானா நாட்டுக்கு. தேமா துறைமுகத்துக்கு அருகே சக்குமோ என்றொரு சிறு காயல். அங்கே கருந்தாடைத் திலாப்பியா, அதாவது நம் ஊரில் ஜிலேபி என்று விற்கப்படும் மீனின் உறவுக்கார இனம். இதில் முட்டையை வாயில் அடைகாப்பது ஆண் மீன். உப்பு ஏறினாலும் இறங்கினாலும் தாக்குப்பிடிக்கும். இடம் நெருக்கடியானால் சிறு உருவிலேயே சினைபிடித்துவிடும்.

காயல் மீன் ஏன் சிறிதாகவே நின்றுவிடுகிறது? இந்த மாதிரிக் கேள்விதான் அவருடைய 1979 முனைவர் பட்ட ஆய்வின் நடுவே நிற்கிறது. அவர் தந்த பதிலில் ஒரு வடிவக் கணிதம் இருக்கிறது. மீன் நீளத்தில் இரண்டு மடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. ஆக்சிஜன் கேட்பது அந்த எட்டு மடங்கு உடம்பு. ஆக்சிஜன் கொடுப்பதோ செவுள். செவுள் என்பது பரப்பு, உடம்பு என்பது கனம். பரப்பு எவ்வளவு மடிந்து விரிந்தாலும் கனத்துக்கு முழுமையாக ஈடுகொடுக்காது. ஆகவே ஒரு கட்டத்தில் மூச்சுக்கும் தேவைக்கும் சரியாகிப்போய் வளர்ச்சி நிற்கிறது. தண்ணீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், மீனின் தேவையோ கூடும். அப்போது அந்தக் கட்டம் முன்னதாகவே வந்துவிடும். உடலியல் அறிஞர்கள் பலர் இதை ஏற்கவில்லை. மீனுக்குத் தேவையென்றால் செவுளும் கூடவே வளரும் என்பது அவர்கள் வாதம். சண்டை இன்னும் ஓயவில்லை. யார் வென்றாலும், சூடாகும் கடலில் மீன் சிறுக்குமா என்ற கேள்வி இன்று இவ்வளவு கூர்மையாகக் கேட்கப்படுவதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

1970-களின் நடுவில் இந்தோனேசியாவில் இழுவை மடி ஆய்வுகளில் வேலை. அங்கே அவர் விரிவாக எழுதியது காரல் மீனைப் பற்றி. ராமேசுவரம் கரையில் குவியல் குவியலாக இறங்கும் அதே காரல் குடும்பம். விலை குறைவு, உருவம் சிறிது, காயவைத்துக் கருவாடாக்குவது வழக்கம். ஆராய்ச்சியாளர்கள் சுறாவையும் சூரையையும் தேடிப் போகும்போது காரலைப் பற்றித் தனியாக எழுதிய மனசு கவனிக்கத் தக்கது. காரலைத்தான் மடி அள்ளியது, ஏழைகள் அதைத்தான் தின்றார்கள், ஆகவே அதை அளந்தார்.

அளப்பதற்கு வேண்டியது ஒரு மரப்பலகை. மூக்கை முட்டுக்கட்டையில் வைத்து, வால் எந்தக் கோட்டில் முடிகிறது என்று பார்த்து, அந்தச் சென்டிமீட்டருக்கு நேரே ஒரு கோடு கிழிக்க வேண்டும். ஆயிரம் மீனுக்கு ஆயிரம் கோடு. வயதே தெரியாத இந்தக் கோடுகளில் எப்படி வயதைப் பார்ப்பது? ஒரு தொடக்கப் பள்ளியின் காலை வழிபாட்டில் எல்லாப் பிள்ளைகளின் உயரத்தையும் குறித்துப் பாருங்கள். சில உயரங்களில் கூட்டமாகவும் சில உயரங்களில் கொஞ்சமாகவும் இருக்கும். ஒன்றாம் வகுப்பு ஒரு மேடு, இரண்டாம் வகுப்பு அடுத்த மேடு. ஆறு மாதம் கழித்து மறுபடி குறித்தால் மேடுகள் வலப்பக்கம் நகர்ந்திருக்கும். நகர்ந்த தூரம்தான் வளர்ச்சி. பிறந்த தேதியை யாரிடமும் கேட்க வேண்டாம்.

இந்த யோசனை பழையது. 19-ஆம் நூற்றாண்டிலேயே டென்மார்க்கில் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் எது மேடு, எது தற்செயலான புடைப்பு என்பதை அவரவர் கண்தான் தீர்மானித்தது. பௌலியும் உடன் ஆய்வாளர் ஒருவரும் 1980-ஐ ஒட்டி மணிலாவில் உருவாக்கிய எலிஃபான் என்ற கணினி முறை கண்ணின் விருப்பத்தைக் கழற்றிவிட்டது. ஒவ்வொரு நீள வகுப்பையும் அக்கம்பக்கத்துச் சராசரியோடு ஒப்பிடு. மேலே இருந்தால் மேடு, கீழே இருந்தால் பள்ளம். பிறகு ஆயிரக்கணக்கான வளர்ச்சிக் கோடுகளை வரைந்து பார். மேட்டின் மேல் போகும் கோட்டுக்கு மதிப்பெண், பள்ளத்தில் இறங்கும் கோட்டுக்குக் கழிவு. நுட்பம் அடுத்ததில் இருக்கிறது. ஒரு மேட்டைத் தொட்டதற்குப் பரிசு ஒரே ஒரு முறை. பள்ளத்தில் விழுந்ததற்கு அபராதம் ஒவ்வொரு முறையும். சுற்றிச் சுற்றி ஒரே மேட்டில் ஏறி மதிப்பெண் சேர்க்கும் கள்ளக் கோடு இதில் ஜெயிக்க முடியாது. ஒரு வரியில் அடங்கும் விதி, எத்தனை ஏமாற்றுகளை அடைத்துவிடுகிறது பாருங்கள்.

இதே காலத்தில், 1980-ல், 175 மீன் கூட்டங்களின் தரவைச் சேர்த்து இன்னொரு சூத்திரம் வெளியிட்டார். மீனின் உச்ச நீளம், வளர்ச்சி வேகம், தண்ணீரின் சராசரி வெப்பநிலை ஆகிய மூன்றும் தெரிந்தால், வலையில் படாமல் இயற்கையாக எவ்வளவு மீன் சாகும் என்று மதிப்பிடலாம். கடலுக்கடியில் நிகழும் சாவை ஒரு வெப்பமானியை வைத்துக் கணிப்பது! 1984-ல் எழுதிய கையேடோ நிரல் எழுதக்கூடிய கால்குலேட்டருக்கானது. கணினி வாங்க வசதியில்லாத வெப்பநாட்டு ஆய்வாளர்களை நினைத்து எழுதிய புத்தகம். நம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கட்டுரைகளைப் புரட்டினால் இந்த முறைகளின் தடம் பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

1990-களில் ரெய்னர் ஃப்ரோஸ் என்ற ஜெர்மானியருடன் சேர்ந்து மீன்களுக்கென ஒரு தரவுத்தளம் எழுப்பினார். ஃபிஷ்பேஸ் என்ற அதில் இன்று 35,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. விஞ்ஞானப் பெயரோடு ஊர்ப் பெயர்களும் உண்டு, தமிழ்ப் பெயர்களும் சேர்த்தி.

ஆனால் அவர் எழுதியதில் திரும்பத் திரும்பப் படிக்கத் தூண்டுவது 1995-ல் வந்த ஒரே பக்கக் கட்டுரை. புள்ளிவிவர அட்டவணை இல்லை, வரைபடம் இல்லை. ஒரு விஞ்ஞானி வேலையில் சேரும் ஆண்டில் கடல் எப்படி இருக்கிறதோ அதையே இயல்பு என்று எடுத்துக்கொள்கிறார், அதிலிருந்து எவ்வளவு குறைந்தது என்று அளக்கிறார். அடுத்த தலைமுறை வரும்போது குறைந்துபோன கடலே இயல்பாகிவிடுகிறது. இப்படித் தலைமுறை தோறும் அளவுகோலின் பூஜ்யம் கீழே இறங்க, மொத்த இழப்பு யார் கணக்கிலும் வராமல் போகிறது. இதுதான் வாதம்.

அதற்கு அவர் தரும் சான்றைக் கவனியுங்கள். சக ஆய்வாளர் ஒருவரின் தாத்தா 1920-களில் டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடைப்பட்ட கட்டெகாட் கடலில் கானாங்கெளுத்திக்கு வலை போட்டவர். அந்த வலையில் பெரிய நீலத்துடுப்புச் சூரைகள் வந்து சிக்கிக்கொள்ளும். வாங்க ஆளில்லாத மீன் வந்து விழுகிறதே என்று மனிதருக்கு எரிச்சல். பௌலி இந்த எரிச்சலை வெப்பநிலைப் பதிவுக்குச் சமமான தரவாக எடுத்துக்கொள்கிறார். இதில் ஒரு தர்க்க அழகு இருக்கிறது. பெருமைக்காகச் சொன்ன கதையில் மீன் வளர்ந்துகொண்டே போகும். தொந்தரவு என்று அலுத்துக்கொண்டவருக்கு மிகைப்படுத்தக் காரணமே இல்லை. பழங்காலச் சீனர்கள் எழுதிவைத்த வானக் குறிப்புகளை வானியலாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள், நாம் ஏன் கிழவர்களின் பேச்சைத் தள்ளுகிறோம் என்று அதே பக்கத்தில் கேட்கிறார். கடல்சார் வரலாற்று ஆய்வு என்ற துறைக்கே அந்தப் பக்கம் பெரிய உந்துதலாயிற்று.

1998-ல் வந்த கட்டுரை இன்னும் பெரிய சத்தம் எழுப்பியது. தாவரம் முதல் படி, அதைத் தின்பது இரண்டாம் படி என்று உணவு வலையைப் படிகளாக எண்ணி, உலகின் மீன்பிடிப்பு எந்தப் படியிலிருந்து வருகிறது என்று பார்த்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் சராசரி 3.3-க்குச் சற்று மேலே, 1994-ல் 3.1-க்கும் கீழே. பெரிய வேட்டை மீன்கள் தீரத் தீர, மனிதன் படியிறங்கிச் சின்ன மீனுக்கு வந்திருக்கிறான். பிடிபட்ட மீனை மட்டும் பார்த்துக் கடலின் நிலையைச் சொல்ல முடியாது என்று 2010-ல் வேறொரு குழு ஆதாரத்தோடு மறுத்தது. அந்த மறுப்பில் நியாயம் உண்டு. சிறிய சான்றிலிருந்து பெரிய முடிவுக்குத் தாவுகிறவரின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் இருக்கும். எந்த எண்ணிலிருந்து எப்படித் தாவினார் என்பதை மறைக்காமல் எழுதிவிடுவதால், விழுந்தால் எங்கே விழுந்தார் என்று பிறரால் சுட்ட முடிகிறது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் 1999-ல் தொடங்கிய திட்டத்தின் விளைவு 2016-ல் வெளியானது. அதன் மையத்தில் இருப்பது ஒரு வெற்றுக் கட்டம். ஏதோ ஒரு நாட்டில் சிறுதொழில் மீன்பிடிப்புக்குக் கணக்கெடுக்கவில்லை என்றால் அதிகாரி அந்தக் கட்டத்தில் சிறு கோடு இடுவார். மேலே போகப் போக, கூட்டல் போடும் இடத்தில் அந்தக் கோடு பூஜ்யமாகிவிடும். தெரியவில்லை என்பது இல்லை என்று ஆகிறது. பவளத்திட்டில் சிப்பி பொறுக்கும் பெண்கள், வீட்டுக்கு மட்டும் பிடிப்பவர்கள், பிடித்துவிட்டுக் கடலிலேயே கொட்டப்படும் கழிவு மீன் எல்லாம் இப்படித்தான் மறைந்தன. நூற்றுக்கணக்கான ஆய்வாளர்கள் நாடு நாடாக அந்தக் கட்டங்களை நிரப்பியபோது, 1996-ன் உச்சப் பிடிப்பு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு சொன்ன 8.6 கோடி டன் அல்ல, ஏறக்குறைய 13 கோடி டன் என்று வந்தது. மதிப்பீட்டில் பிழை இருக்கலாம், ஆனால் பூஜ்யம் நிச்சயமாகப் பிழை என்பதே அவர் நிலை. 2023-ல் டைலர் பரிசை ரஷீத் சுமைலாவுடன் பகிர்ந்துகொண்டார்.

பட்டங்களையும் பரிசுகளையும்விட இந்தக் கடைசி நிலைதான் நமக்கு உடனே பயன்படும். பிச்சாவரம் பக்கத்துக் கழிமுகங்களில் இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய பறிக்குள் போடுவார்கள். படகு இல்லை, வலை இல்லை, இறங்குதளமும் இல்லை. முகத்துவாரத்தைப் பற்றித் திட்டம் தீட்டும் எந்தக் கூட்டத்திலும், அந்தப் பறியின் இறால் எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருவர் எழுந்து கேட்கலாம். அப்படிக் கேட்பது அறிவியல்தான் என்று தன் ஆயுள் வேலையால் காட்டியிருக்கிறார் பௌலி.