மான்செஸ்டரில் முறிந்து மதுரையில் கூடும் எலும்பு

2025 ஜூலை 23. மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் இங்கிலாந்தின் கிறிஸ் வோக்ஸ் வீசிய பந்தை ரிவர்ஸ் ஸ்வீப் ஆடப்போனார் இந்தியக் கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த். பந்து அவருடைய வலது பாதத்தில் இறங்கியது. பாதம் வீங்கிவிட்டது, காலை ஊன்ற முடியாத அவரைச் சிறு வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோனார்கள். ஸ்கேனில் எலும்பு முறிவு உறுதியானது. மறுநாள் நொண்டியபடியே இறங்கி, 37-ல் நின்றிருந்த தன் ஓட்ட எண்ணிக்கையை 54 வரை கொண்டுபோனார். அடுத்த டெஸ்டில் அவர் ஆட முடியாது என்றானதும் தமிழக விக்கெட் கீப்பர் நாராயண் ஜெகதீசன் அழைக்கப்பட்டார். பந்த் மறுபடி களமிறங்க அக்டோபர் இறுதி ஆனது.

அந்தத் துணிச்சலைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். ஆனால் அயல்நாட்டில் காலை உடைத்துக்கொள்ளும் சாதாரணப் பயணி அவரிடம் பொறாமைப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது. அடிபட்ட நிமிடத்திலிருந்து மீண்டும் மட்டை பிடித்த நாள்வரை அவருடைய எலும்பின் கதை ஒரே அமைப்பின் கையில் இருந்தது. மான்செஸ்டரில் எடுத்த படம், அவர் தேறிய பெங்களூரு கிரிக்கெட் வாரிய மையத்தில் காணாமல் போகவில்லை. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போன இடத்தில் ஈரமான படியில் சறுக்கி விழும் மதுரைப் பாட்டிக்கு அந்த வசதி கிடையாது. அவர் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: அங்கே ஒரு கட்டுப்போட்டுக்கொண்டு, மீதியை ஊருக்கு வந்து பார்த்துக்கொள்வது. மகனும் அதைத்தான் சொல்வார், காப்பீட்டு நிறுவனமும் அதைத்தான் சொல்லும். இந்த வழக்கம் முற்றிலும் தவறானதல்ல. பல சமயங்களில் அதுவே சரியான முடிவு. அது எங்கே பலமாக நிற்கிறது, எங்கே ஆளைக் கைவிடுகிறது என்பதைப் பிரித்துப் பார்க்கத்தான் யாரும் மெனக்கெடுவதில்லை.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். இரண்டு பாதத்தையும் சேர்த்தால் உடம்பின் எலும்புகளில் கால்பங்கு அங்கேதான் இருக்கிறது. கால் மடங்கி விழும்போது அதிகம் அடிவாங்குவது சுண்டுவிரலுக்குப் பின்னால் பாதத்தின் வெளி ஓரமாக ஓடும் நீள எலும்பு. மருத்துவர்கள் அதை ஐந்தாவது மெட்டாடார்சல் என்பார்கள். அதன் அடிநுனி பிய்ந்துவந்தால் பெரிய கவலை இல்லை; கெட்டியான பூட்ஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு நடந்தாலே பெரும்பாலும் ஆறு வாரத்தில் வலி அடங்கிவிடும். அதே எலும்பில் ஒரு விரல் அகலம் தள்ளி முறிந்தால் கதையே வேறு. அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் எலும்பு மெதுவாகக் கூடும், சில சமயம் கூடாமலே போகும். காலை ஊன்றாமல் வாரக்கணக்கில் இருக்க வேண்டும். சிலருக்குத் திருகாணி வைத்து அறுவை செய்ய வேண்டும். லிவர்பூல் மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ் நடனமாடும்போது தன் பாதத்திலேயே இந்த முறிவை உண்டாக்கிக்கொண்டு, அதையும் அதைப் போன்ற மற்றவர்களின் முறிவுகளையும் பற்றி 1902-ல் எழுதினார். இன்றும் அது ஜோன்ஸ் முறிவு என்றே அறியப்படுகிறது.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வீக்கம், ஒரே வலி. எது எது என்று சொல்லப்போவது எக்ஸ்ரே படம். எனவே பயணியின் கையில் இருக்க வேண்டிய முதல் பொருள் அந்தப் படம். பாதத்தைச் சுற்றிய கட்டு அதற்கு அடுத்தது. நடைமுறையில் விமானம் ஏறுகிறவர் கட்டோடு ஏறுகிறார், படத்தை விட்டுவிட்டு ஏறுகிறார்.

முதல் நாள் சிகிச்சையைப் பொறுத்தவரை வளர்ந்த நாடுகள் பலவற்றைக் குறை சொல்ல முடியாது. யாருக்கு எக்ஸ்ரே வேண்டும் என்று தீர்மானிக்க, கனடாவின் ஒட்டாவாவில் இயன் ஸ்டீல் குழுவினர் 1992-ல் வகுத்த விதிகளே உலகெங்கும் வழக்கத்தில் உள்ளன. குறிப்பிட்ட சில எலும்புப் புள்ளிகளை அழுத்தினால் வலிக்கிறதா, நான்கு அடி எடுத்துவைக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். செலவில்லாத எளிய சோதனை இது. தேவையற்ற படங்களை வெகுவாகக் குறைத்தது, முறிவைத் தவறவிடுவதும் அபூர்வம். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அவசரப் பிரிவுக்குள் நுழையும் வெளிநாட்டவரிடமும் அங்கே தரும் சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை. இது பெரிய மனது. அதைச் சொல்லாமல் குறையை மட்டும் பேசுவது நியாயமாகாது.

ஆனால் அந்தப் பெரிய மனது அவசரப் பிரிவின் வாசலோடு நின்றுவிடுகிறது. படுக்கையில் அனுமதித்தாலோ, அடுத்த வாரம் எலும்புப் பிரிவுக்கு வரச்சொன்னாலோ, சுற்றுலா விசாவில் வந்தவருக்கு இங்கிலாந்தில் வழக்கமான கட்டணத்தில் ஒன்றரை மடங்கு பில் வரும். 500 பவுண்டு அல்லது அதற்கு மேல் பாக்கி வைத்தால் அடுத்த விசாவுக்கே இடைஞ்சல் வரலாம். மகன் வீட்டுக்கு மறுபடி வர வேண்டிய தாய்க்கு இது சின்ன விஷயமல்ல. இரண்டாவது வாரப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்கும் எண்ணம் குடும்பத்துக்கு வருவது இங்கேதான்.

கிளாஸ்கோ ராயல் மருத்துவமனையில் 2011-ல் தொடங்கிய ஓர் ஏற்பாடும் கவனிக்கத்தக்கது. சாதாரண முறிவுக்காரரைத் திரும்பத் திரும்ப மருத்துவமனைக்கு அலையவிடாமல், பூட்ஸும் விளக்கத் தாளும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நிபுணர் பிறகு படத்தைப் பார்த்து, தேவையானவரை மட்டும் தொலைபேசியில் கூப்பிடுவார். உள்ளூர்க்காரருக்கு இது வரப்பிரசாதம். பிரிட்டனின் மற்ற ஊர்களும் எடுத்துக்கொண்டன. பயணியிடம் அது சறுக்குவது ஒரே இடத்தில்: கூப்பிடும்போது எடுக்க அந்த எண்ணில் ஆள் இருக்க வேண்டும். “படத்தில் இன்னொரு கோடு தெரிகிறது, வந்து காட்டுங்கள்” என்ற செய்தி, கழற்றிவைத்த உள்ளூர் சிம் கார்டுக்குப் போய்ச் சேரும்போது பாட்டி துபாயில் விமானம் மாறிக்கொண்டிருக்கலாம்.

நியூசிலாந்து இந்தச் சிக்கலுக்கு வேறு விடை கண்டது. 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டு விபத்து இழப்பீட்டு அமைப்பு, யார் தவறு என்று கேட்பதில்லை. மலையேறப் போய்க் காலை உடைத்துக்கொண்ட சுற்றுலாப் பயணியும் அதன் குடைக்குள் வருகிறார். பதிலுக்கு, காயத்துக்கு இழப்பீடு கேட்டு வழக்குத் தொடரும் உரிமை கிடையாது. பயணியிடம் இவ்வளவு கண்ணியமாக நடந்துகொள்ளும் ஏற்பாடு உலகில் அரிது. ஆனால் அதன் எல்லையும் நாட்டின் எல்லையோடு முடிகிறது. ஆக்லாந்தில் போட்ட கட்டைத் திருச்சியில் பிரிக்கும் செலவு அதன் கணக்கில் வராது. அமெரிக்காவில் நிலைமை நேர் எதிர். 1986-ன் சட்டப்படி அவசரப் பிரிவு யாரையும் சோதிக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது. பில் அனுப்பக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை.

இடைவெளியை நிரப்ப வேண்டியது பயணக் காப்பீடு. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு கட்டாயம் என்பதால் அந்த விசாவில் ஐரோப்பா போகும் நம்மவர் எல்லோரிடமும் ஒரு பாலிசி இருக்கிறது. விசாவுக்காக வாங்கும் காகிதம் என்பதால் அதைப் படிப்பவர் குறைவு. முதல் நாள் செலவையும், தேவையானால் ஊருக்குக் கொண்டுவரும் செலவையும் அது ஏற்கும். பயணம் செய்யத் தக்க நிலை வந்துவிட்டது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்ததும், ‘அவசரம்’ முடிந்ததாக எண்ணும் பாலிசிகளே அதிகம். தாய்லாந்துத் தீவுகளில் ஸ்கூட்டர் எடுத்து விழுகிறவர்களுக்கு முதல் நாளே சிக்கல்: கார் ஓட்டும் உரிமம் மட்டும் வைத்துக்கொண்டு இருசக்கர வண்டி ஓட்டியிருந்தால் கிளெய்ம் மறுக்கப்படலாம்.

இனி, ஊருக்குத் திரும்பும் முடிவு. மருத்துவ ரீதியாக அதற்கு நல்ல ஆதாரம் உண்டு. பாதத்தில் அறுவை தேவைப்பட்டாலும் வீக்கம் வடியும்வரை ஒன்று, இரண்டு வாரம் காத்திருப்பதே பல சமயங்களில் வழக்கம். அந்த இடைவெளியில் பறந்து வந்து, தெரிந்த ஆர்த்தோ டாக்டரிடம், தெரிந்த மொழியில், வீட்டார் துணையோடு சிகிச்சை எடுப்பதில் பிழை எதுவும் இல்லை. வீட்டமைப்பும் ஒரு காரணம். பிரிட்டனின் பெரும்பாலான வீடுகளில் படுக்கையறையும் குளியலறையும் மாடியில்தான். காலை ஊன்றக் கூடாத எழுபது வயதுக்காரர் அந்தக் குறுகிய படிகளில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக ஏற வேண்டும். மகனும் மருமகளும் வேலைக்குப் போன பகல்பொழுதில் ஒரு டம்ளர் தண்ணீருக்குக்கூட ஆள் இருக்காது. மருத்துவமனையின் தரத்தை ஒப்பிடுகிறவர்கள் இந்தப் பகல்பொழுதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

பிரேசில் கால்பந்து வீரர் நெய்மாரும் இதே முடிவைத்தான் எடுத்தார். 2018 பிப்ரவரியில் பாரிஸில் ஆடும்போது அவருடைய வலது பாதத்தின் ஐந்தாவது மெட்டாடார்சல் முறிந்தது. பாரிஸில் மருத்துவர்களுக்குப் பஞ்சமா? இருந்தும் பெலோ ஹொரிசான்டேவுக்குப் பறந்து, தேசிய அணியின் மருத்துவர் ரோட்ரிகோ லஸ்மார் கையால் மார்ச் 3 அன்று அறுவை செய்துகொண்டார். ஜூனில் உலகக் கோப்பையில் ஆடினார். 2019 ஜனவரியில் அதே எலும்பு மறுபடியும் பாதிக்கப்பட்டு வாரக்கணக்கில் உட்கார வேண்டியிருந்தது. இதற்குப் பிரேசில் சிகிச்சையைக் குற்றம் சொல்ல இடமில்லை. அந்த எலும்பின் இயல்பு அது. ஆனால் ‘ஊருக்கு வந்துவிட்டோம், சரியாகிவிட்டது’ என்று நினைப்பவருக்கு இந்த ஓராண்டுக் கதை தெரிந்திருப்பது நல்லது.

காத்திருக்கக் கூடாத முறிவுகளும் உண்டு. தோலைக் கிழித்து எலும்பு வெளிவந்தால், மூட்டு விலகியிருந்தால், விரல்கள் வெளுத்தோ மரத்தோ போனால், மருந்துக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனால், அங்கேயே, அன்றே பார்த்தாக வேண்டும். டிக்கெட் விலையும் காப்பீட்டு நிறுவனத்தின் தொலைபேசி வரிசையும் அப்போது பேச்சாகவே இருக்கக் கூடாது. நடுப்பாதத்தில் வரும் லிஸ்ஃப்ராங்க் காயம் இன்னும் வஞ்சகமானது. ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் பார்வையில் தவறிப்போகும் என்று எலும்பு மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். நிற்கவைத்து எடுத்த படத்தில்தான் சில சமயம் எலும்புகளுக்கு இடையிலான விரிசல் தெரியும். ‘சுளுக்குதான்’ என்று அனுப்பப்பட்டவரின் உள்ளங்காலில் ரத்தக்கட்டு படர்ந்தால், அவர் எந்த ஊரில் இருந்தாலும் திரும்பிப் போய்க் காட்ட வேண்டும்.

விமானப் பயணம் தனிக் கணக்கு. புதிதாகப் போட்ட மாவுக்கட்டுக்குள் பாதம் வீங்கினால் ரத்த ஓட்டம் நின்றுபோகலாம். அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு, கட்டுப்போட்டு 48 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் கட்டை நெடுக வெட்டித் தளர்த்தியிருக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் விமானத்துறை வழிகாட்டுகிறது. அடுத்த பயம் காலில் ரத்தம் உறைவது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் அந்த ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் அறிவித்தது. எல்லோருக்கும் ரத்த உறைவைத் தடுக்கும் ஊசி போட்டுவிட்டால் போதுமே என்று தோன்றும். ஆனால் கட்டுப்போட்ட காலோடு இருந்த சுமார் 1,500 பேரை வைத்து நெதர்லாந்தில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், ஹெப்பாரின் வகை ஊசியை எல்லோருக்கும் போடுவதால் பலன் தெரியவில்லை. அந்த ஆய்வு நீண்ட விமானப் பயணத்தைச் சோதித்ததல்ல. ஏற்கெனவே ரத்த உறைவு வந்தவரா, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரா, உடல் பருமன் உள்ளவரா என்று ஆளைப் பார்த்து, ஊசி தேவையா என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். கேட்காமல் ஏறுவதுதான் தவறு.

ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் பெரிய ஓட்டை தெரியவரும். கையில் இருப்பது மானிட்டரைச் செல்பேசியில் எடுத்த மங்கலான ஒரு படம். அதில் அளவு இல்லை, இன்னொரு கோணம் இல்லை. டாக்டர் புதிதாக எக்ஸ்ரே எடுப்பார். முறிவு முதல் நாளிலிருந்தே இந்த இடத்தில் இருக்கிறதா, பயணத்தில் விலகியதா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. அறுவை வேண்டுமா என்பது பல சமயம் அந்தப் பதிலைப் பொறுத்தது. பிரிட்டனில் தன் பதிவுகளைக் கேட்டுப் பெற நோயாளிக்குச் சட்டப்படி உரிமை உண்டு. கொடுக்க ஒரு மாதம் அவகாசமும் சட்டப்படி உண்டு. ஒரு மாதத்தில் எலும்பு பாதி கூடியிருக்கும், நேராகவோ கோணலாகவோ. முழுப் படக் கோப்புகளை அன்றே, கிளம்பும் முன்பே, சிடியிலோ இணைய இணைப்பாகவோ வாங்கிவிடுவதற்கு மாற்றே இல்லை. அதைக் கேட்காமலே கொடுக்கும் மருத்துவமனையும், ஊர் திரும்பிய பின் முதல் ஆறு வாரப் பரிசோதனையை ஏற்கும் பாலிசியும் வந்தால், இந்த வழக்கத்தின் குறைகளில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இரண்டும் செய்ய முடியாத காரியங்களல்ல.

நம்மவருக்கென்று கூடுதல் எச்சரிக்கை ஒன்று உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை ஆய்வாளர்கள் தலைமையில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. பல ஆண்டு சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவருக்கு, எலும்பு முறிந்தாலும் வலி தெரியாமல் போகலாம். அழுத்தினால் வலிக்கிறதா, நான்கு அடி நடக்கிறாரா என்று கேட்கும் ஒட்டாவா விதிகளை உணர்ச்சி குறைந்த காலில் நம்ப முடியாது. அவர் நடந்தே காட்டிவிடுவார், சுளுக்கு என்று அனுப்பிவிடுவார்கள், முறிந்த பாதத்தில் நடந்து நடந்து அதன் வளைவே சரிந்துபோகலாம். எனவே அவசரப் பிரிவின் மேசையில் பாட்டியின் பெயரையும் வயதையும் சொல்லும் மகன், அடுத்த வாக்கியத்திலேயே “அம்மாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி குறைவு” என்று சொல்ல வேண்டும். வலி இல்லை என்று அம்மா சொன்னாலும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.