எந்த 1 மில்லிசெகண்ட்?

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் '1 எம்.எஸ்.' என்று போட்டிருந்ததை நம்பித்தான் போன வருஷம் ஒரு மானிட்டர் வாங்கினேன். கறுப்புப் பின்னணியில் கோட் எழுதுகிறவன் நான். முதல் நாளே ஸ்க்ரோல் செய்தபோது, எழுத்துகளுக்குப் பின்னால் கரியைத் தேய்த்த மாதிரி ஒரு நிழல் இழுபட்டது. சரி, அந்த எண் பொய்யா? பொய் என்று சொல்ல முடியாது. சிக்கலே அதுதான்.

அந்த எண் பெரும்பாலும் 'கிரே டு கிரே' நேரம். ஒரு பிக்சல் ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற எடுக்கும் நேரம். வழக்கமாக மாற்றத்தின் 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரைதான் அளப்பார்கள். தலையும் வாலும் கணக்கில் வராது. எந்தச் சாம்பலிலிருந்து எந்தச் சாம்பலுக்கு என்பதையும் பெட்டி சொல்லாது. என்னுடையது வி.ஏ. பேனல். கறுப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு மாறும்போதுதான் அந்த வகை பொதுவாகத் திணறும். நான் நாள் முழுக்கப் பார்ப்பதும் அதே மாற்றத்தைத்தான்! ஓவர்டிரைவை உச்சத்துக்கு ஏற்றினேன். பிக்சல் இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பியது. நிழலுக்குப் பதில் வெளிறிய ஓரம் வந்தது.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். பிக்சல் உடனுக்குடன் மாறினாலும் மங்கல் போகாது. 60 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு ஃப்ரேமும் 16.7 மில்லிசெகண்ட் அசையாமல் நிற்கிறது. கண்ணோ பொருளைத் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் விழித்திரையில் படம் இழுபடுகிறது. செகண்டுக்கு 960 பிக்சல் வேகத்தில் போகும் எழுத்து 60 ஹெர்ட்ஸில் 16 பிக்சல் அளவுக்கு மங்கும். 120இல் 8, 240இல் 4. ஓ.எல்.இ.டி. என்றாலும் 60 ஹெர்ட்ஸில் இதே 16தான். பழைய சி.ஆர்.டி.யில் பாஸ்பர் சட்டென்று மின்னி அணைந்துவிடும். அதனால்தான் அசைவு அத்தனை தெளிவாக இருந்தது.

சில பெட்டிகளில் உள்ள '1 எம்.எஸ். எம்.பி.ஆர்.டி.' வேறு கதை. பேக்லைட்டை விட்டுவிட்டு எரியவைத்து, படம் கண்ணில் நிற்கும் நேரத்தைக் குறைக்கிறார்கள். மங்கல் குறையும், வெளிச்சமும் குறையும். சிலருக்கு அந்த மினுக்கலில் கண் வலிக்கும்.

ஆக, ஒரே எண், இரண்டு அர்த்தம். 2022இல் வெசா அமைப்பு கொண்டுவந்த 'கிளியர் எம்.ஆர்.' சான்று, தெளிவான பிக்சலுக்கும் மங்கலான பிக்சலுக்கும் உள்ள விகிதத்தைச் சொல்கிறது. அது ஓரளவு நேர்மையான கேள்வி.

இனி வாங்கினால் முதலில் ரெஃப்ரெஷ் ரேட், அப்புறம் பேனல் வகை பார்ப்பேன். கடையிலேயே கறுப்புப் பின்னணியில் ஒரு பக்கத்தைத் திறந்து வேகமாக உருட்டுவேன். ஓடும்போதே படிக்க முடிகிறதா? அதற்குப் பிறகுதான் பெட்டியைத் திருப்பிப் பார்ப்பது.